என் தாயார் பேசும் மடிக்கணினியைப் பணிப் பதிவிலிருந்து விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
ஒப்பந்தத் தட்டச்சாளர் (வீட்டுப் பணி), எண் 417,
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் குடியிருப்பு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நீதிமன்றப் பதிவுப் பிரிவு.

பொருள்: பழைய இயங்குதளத்தில் உள்ள என் மடிக்கணினியைப் புதியதற்கு மாற்றாமல் பதிவிலிருந்து நீக்கி, வேறொரு மடிக்கணினியை என் பெயரில் பதிவு செய்துகொள்ள அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: வீட்டுப் பணியாளர்களின் மடிக்கணினிகளை இம்மாத இறுதிக்குள் புதிய இயங்குதளத்துக்கு மாற்றுவது பற்றிய கணினிப் பிரிவின் சுற்றறிக்கை.

மதிப்புக்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு,

1. தங்கள் பிரிவில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தட்டச்சாளர்களில் நானும் ஒருத்தி. விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, சொல் மாறாமல் எழுத்தாக்கித் தருவது என் வேலை. தட்டச்சு செய்வதையே தொழிலாகக் கொண்டவள் கையால் மனு எழுதித் தருவது விநோதமாகத் தோன்றலாம். காரணம் கீழே வரும். வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் எனக்கில்லை. என் தாயாரின் உடல்நிலை பற்றி இதுவரை இங்கே யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது வீடும் அலுவலகமும் ஒரே கணினிக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால், ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

2. சுற்றறிக்கையின் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. சாட்சிகள் கூண்டில் நின்று சொன்னவை, சொல்லத் தயங்கியவை, அழுதவை எல்லாம் எங்கள் கணினிகளுக்கு வருகின்றன. அவை வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பது அவற்றைக் காதால் கேட்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். புதியது விரைவாகவும் இயங்குகிறது. என்னிடம் இருப்பது வேறொரு கணினியாக இருந்திருந்தால், சுற்றறிக்கை வந்த அன்றே மாற்றிவிட்டுப் படுத்திருப்பேன்.

3. என் தாயார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்ன குரல் அவருடையது. தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. பேசுவதற்காகக் கழுத்தில் பொருத்தும் கருவியை மருத்துவமனையில் முயன்று பார்த்தார்கள். புண் ஆறாமல் போனதால் கழற்றிவிட்டார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பாக, பேச்சுப் பயிற்சியாளரின் யோசனைப்படி, அவர் குரலை ஒரு நிறுவனத்தில் பதிவு செய்தோம். அவர்கள் கொடுத்த வாக்கியங்களை வாசித்தால் போதும். பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் மென்பொருள் அதை அவர் குரலிலேயே பேசும். அதில் எங்களுக்கே உரிய ஒரு பிசகு நேர்ந்தது. வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் எதிரில் ஒலிவாங்கியைக் கண்டதும் பழகிய தொண்டை தானாக நிமிர்ந்துகொண்டது. எல்லா வாக்கியங்களையும் பேருந்து நிலைய அறிவிப்பாகவே வாசித்து முடித்தார். நாங்கள் அதைக் கவனித்தபோது, திரும்ப வாசிக்க அவரிடம் குரல் இல்லை.

ஆகவே எங்கள் வீட்டில் "காபி ஆறிப்போகுது" என்பதுகூட, பயணிகள் தயவுசெய்து கவனிக்க வேண்டிய செய்தியாகவே வரும். "அக்கா பேசினா பெட்டியத் தூக்கிட்டு ஓடணும்போல இருக்கு" என்பார் என் மாமா.

ஓரிடம் மட்டும் விலக்கு. பதிவின் நடுவே, ஒலிவாங்கி அணைந்துவிட்டது என்று நினைத்து, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த என்னைத் திட்டினார். "ஏண்டி, காலையிலேருந்து ஒண்ணும் தின்னாம என்ன பண்ற அங்க? போய் ஏதாவது வாங்கித் தின்னுட்டு வா. மூஞ்சியப் பாரு, உனக்கா ஆபரேசன்?" பொறியாளர் அதையும் அழிக்காமல் சேர்த்துவிட்டார். அதனால் அவர் என்னை 'டி' போட்டு அதட்டும்போது மட்டும் அறிவிப்பு விலகி, அம்மா வருகிறார். அதற்காகவே நான் சில வேலைகளை வேண்டுமென்றே செய்யாமல் விடுவதுண்டு. இந்த மனுவுக்கு இது தேவையற்ற தகவல்தான். ஆயினும் எது போகப்போகிறது என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

4. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக இயலாததால்தான் இந்த வீட்டுப் பணிக்கு விண்ணப்பித்தேன். சேர்ந்த அன்று சொந்த மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் இருந்தது அவருடையது ஒன்றுதான். கணினிப் பிரிவில் அதைப் பதிவு செய்து, அடிப்பலகையின் குறுக்கே அலுவலக முத்திரையை ஒட்டி, அலுவலகப் பூட்டு மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார்கள். குரல் மென்பொருள் இருப்பதை அப்போதே சொன்னேன். "பேசற புரோகிராம்தானே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அங்கிருந்தவர்.

அன்று முதல் அந்தக் கணினியை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். பிற்பகல் வரை அது ஊராரின் குரலை என் காதுக்குள் பேசும். அதுவரை அம்மா கைச்சாடையால் ஒப்பேற்றுவார். வேலையை அனுப்பியதும் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். அங்கிருந்து அறிவிப்புகள் தொடங்கும்.

5. அவருடைய குரல் மென்பொருள் பழைய இயங்குதளத்துக்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் உரிமமும் அந்த ஒரு கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வேறு கணினியில் ஏற்ற இயலாது. செய்து கொடுத்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. தொலைபேசியில் அழைத்தால் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. மூல ஒலிப்பதிவுகளும் அவர்களோடு போய்விட்டன.

எதையும் சோதிக்காமல் புகார் சொல்லக்கூடாது என்பதால், கணினி பழுதுபார்ப்பவர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். முத்திரை கிழியாமல், வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கை இணைத்து, அதே கணினியைப் புதிய இயங்குதளத்தில் தொடங்கிக் காட்டினார். குரல் மென்பொருள் திறந்தது. எழுத்துகள் விழுந்தன. எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மா ஏதோ தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினார். பேசியது வேறு ஒரு பெண். புதிய இயங்குதளத்துக்குப் பழைய குரல் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை. அதனால் தன்னிடம் இருக்கும் பொதுக் குரலை எடுத்துப் பேசிவிட்டது. மிகத் தெளிவான உச்சரிப்பு, இனிமையான குரல். அம்மா மறுபடி தட்டச்சு செய்ய, அந்தக் குரலில் அடுத்து வந்த வாக்கியம்: "யாருடி இவ."

பழுதுபார்ப்பவர் சிரித்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உடனிருந்த மாமா நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "நல்லாத்தானேக்கா பேசுது? உன்னவிட மரியாதையாப் பேசுது" என்றார். அம்மா கணினியைத் தள்ளி வைத்துவிட்டு, பழையதைக் கொண்டுவரும்படி கை காட்டினார். அது திரும்ப வந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியம், "மரியாதை வேணும்னா போய் பேங்க்குல உக்காருடா."  மாமா எழுந்து பால்கனிக்குப் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

6. பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா, வெளி டிஸ்க்கில் ஒன்றை ஓட்ட முடியுமா என்றும் கேட்டேன். சோதனைக்கு ஓடினாலும், அப்படி வைத்து அலுவலக வேலை செய்ய அலுவலகப் பூட்டு அனுமதிக்காது என்பது சுற்றறிக்கையிலேயே உள்ளது. மேலும், மாற்றத்துக்கான கோப்பு ஏற்கனவே கணினிக்குள் இறங்கிவிட்டது. திறக்கும்போதெல்லாம் திரையின் மூலையில் 'இப்போதே மாற்று', 'பிறகு நினைவூட்டு' என்ற இரண்டு பொத்தான்கள் வருகின்றன. மாதம் முடிந்ததும் இரண்டாவது பொத்தான் மறைந்துவிடும். அதன் பிறகு கணினியைத் திறந்தாலே அது தானாக மாறிவிடும். பழையதற்குத் திரும்ப வழி கிடையாது. இணையத் தொடர்பை நான் துண்டித்து வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு வர வேண்டிய ஒலிப்பதிவுகள் வருவதில்லை, மாற்றமும் நிற்கப்போவதில்லை. பழுதுபார்ப்பவர் கிளம்பும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கம்ப்யூட்டர் உங்களுதுதான் மேடம். சாவி அவங்ககிட்ட இருக்கு."

7. மாமா தம்முடைய புதிய மடிக்கணினி ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அதில் புதிய இயங்குதளம் இருக்கிறது. அதை அலுவலகத்துக்கும், பழையதை அம்மாவுக்கும் வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு கணினி என்பது விதி. பதிவில் உள்ள கணினியை மாற்ற வேண்டுமானால் இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பக்கம், பதிவு செய்யப்பட்ட கணினியில், புதிய இயங்குதளத்தில் மட்டுமே திறக்கிறது.

இதை விளக்கச் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தருக்கும் எனக்கும் நடந்த பேச்சை, தொழில் பழக்கத்தால், நினைவிலிருந்து சொல் மாறாமல் தருகிறேன்.

"மனுவை ஆன்லைன்லதாம்மா போடணும்."

"அந்தப் பக்கம் புது சிஸ்டத்துலதான் சார் திறக்குது."

"அப்ப புதுசுக்கு மாத்திட்டுப் போடுங்க."

"புதுசுக்கு மாத்தக் கூடாதுன்னுதான் சார் மனுவே."

அவர் சற்று யோசித்தார். "மாத்திட்டு, மாத்த வேணாம்னு போடுங்களேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவ நினைத்தார். அவர் மீது எனக்குக் குறை ஏதுமில்லை.

கணினிப் பிரிவு அலுவலர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "உங்க நிலைமை எனக்குப் புரியுது மேடம். சிஸ்டத்துக்குப் புரியாது" என்றார். கண்காணிப்பாளர், ராஜினாமா செய்துவிட்டு வேறு கணினியோடு புதிதாகச் சேரலாம் என்று வழி சொன்னார். புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதை நான் நினைவூட்டியபோது, "ஆமால்ல" என்றார். மூவருமே அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அறையின் எந்தச் சுவரில் கை வைத்தாலும் யாரோ ஒருவர் அன்பாக, "இது கதவு இல்லம்மா" என்று சொல்வதுபோல இருந்தது.

8. அங்கே எழுந்த ஒரு கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். "அம்மா போன்லயே எழுதிக் காட்டலாமே?" என்று கேட்டார்கள். காட்டலாம். கடையில், மருந்தகத்தில் அப்படித்தான் செய்கிறார். ஆனால் எழுதிக் காட்டுவதென்றால் எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். பேசுவதற்கு அது தேவையில்லை. அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது, ஒருவர் பேச்சில் குறுக்கே புகுவது, கோபத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வது, இதெல்லாம் குரல் இருப்பவர்களால்தான் முடியும். அறுவைச் சிகிச்சை முடிந்து கணினி கைக்கு வரும்வரை என் தாயார் மிகவும் சாதுவாக இருந்தார். அக்கம்பக்கத்தார் அதைப் பாராட்டினார்கள். நான் அந்த நாட்களில் பயந்துபோயிருந்தேன்.

அப்படியானால் பொதுக் குரலிலாவது பேசலாமே என்றும் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை நானே அவரிடம் கேட்டேன். சோதனை நடந்த அன்று மாலை, அந்தப் பெண்ணின் குரலோடு இருந்துவிட முடியுமா என்றேன். அம்மா தலையசைத்தார். நம் பிரிவின் தட்டச்சு விதிப்படி, சாட்சி தலையசைத்தால் அதை 'ஆம்' என்று எழுதக்கூடாது. 'தலையசைக்கிறார்' என்றுதான் எழுத வேண்டும். நானும் அவ்வாறே பதிவு செய்கிறேன்.

9. இந்த மனுவில் மறைக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பழைய இயங்குதளத்துக்காக வாதாடுபவள் நான். புதியதற்காக வாதாடுபவர் என் தாயார். என் வேலை போய்விடக் கூடாது என்பது அவர் கட்சி. இரவுச் சாப்பாட்டின்போது அவர் தட்டச்சு செய்து பேசியது இது:

"மாத்திடு. எனக்கென்ன, மேடையேறிப் பேசணுமா? உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து கைய ஆட்டிக்கிட்டு இருக்கணும்."

"நான் மாத்த மாட்டேம்மா."

"புஸ்தகம் படிச்சுப் படிச்சுக் கெட்டுப்போயிட்ட. குரல்ல என்னடி இருக்கு? சொல்றதுதானே முக்கியம்?"

"அப்ப எழுதியே காட்டியிருக்கலாமே. எதுக்குச் சத்தமா வச்சுப் பேசற?"

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் உன்னக் கேக்கல. பட்டன் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்" என்றார்.

என் தாயார் சொன்னால் செய்பவர். இத்தனை ஆண்டு ஒலிபெருக்கியில் பேருந்து கிளம்புகிறது என்று அவர் சொல்லிக் கிளம்பாத பேருந்து இல்லை. ஆகவே மாதக் கடைசிக்கு முன்பே அது நடந்துவிடும் என்று அஞ்சுகிறேன். அன்று முதல் அவர் பேசும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பேசி முடித்ததும் கணினியை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவர் ஒரு வாக்கியம் பேச என்னிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. என் கையைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்கிறார். முன்புபோல் அதட்டுவதில்லை.

10. இது என்றென்றைக்குமான சலுகை கோரிக்கை அல்ல. இப்போதுள்ள குரலை நீண்ட நேரம் பேசவைத்துப் பதிவு செய்தால், அதிலிருந்து புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற குரலை உருவாக்க வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், கைகூடாமலும் போகலாம். ஆனால் அதுவரை பழையது உயிரோடு இருந்தாக வேண்டும். மாறிவிட்ட பிறகு பதிவு செய்ய எங்களிடம் எதுவும் இருக்காது.

எனவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

எண் 417இன் பெயரில் உள்ள மடிக்கணினியைப் பதிவிலிருந்து நீக்கி, அதிலுள்ள அலுவலகப் பூட்டையும் மாற்றத்துக்கான கோப்பையும் அகற்றித் தருமாறு கணினிப் பிரிவுக்கு உத்தரவிட வேண்டும். அதில் உள்ள விசாரணை ஒலிப்பதிவுகள் அனைத்தையும் அவர்கள் கண் முன்னே அழித்துத் தருகிறேன். அதற்குப் பதிலாக, புதிய இயங்குதளம் உள்ள என் மாமாவின் மடிக்கணினியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவற்றுக்கு மேலிடத்து ஒப்புதல் தேவைப்படுமானால், அது வரும்வரை இந்த ஒரு கணினிக்கு மட்டும் கெடுவைத் தள்ளிவைக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் எனக்கு ஒலிப்பதிவு எதுவும் அனுப்ப வேண்டாம். ஊதியமும் கோர மாட்டேன். இணையப் பக்கத்துக்குள் நுழைய முடியாதவர்கள் இணையப் பக்கத்தைப் பற்றி முறையிட, முகப்பில் காகித மனு வாங்கும் ஏற்பாடு ஒன்றும் இருந்தால் நல்லது. இப்படி அகப்பட்டுக்கொண்டவள் நான் ஒருத்தி மட்டுமாக இருக்க மாட்டேன்.

11. கடைசியாக ஒன்று. இன்று காலை என் தாயார் குளிக்கப் போயிருந்தபோது மடிக்கணினியைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் விட்டு வந்தால், நான் திரும்புவதற்குள் அவர் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார். அது இப்போது என் மடியில் இருக்கிறது. இந்த மனுவை அதன் மூடியின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் குளித்துவிட்டு வந்து மேசையைப் பார்த்திருப்பார். இந்நேரம் யாராவது வந்து கதவைத் தட்டினால், உள்ளிருந்து யாரென்று கேட்க அவரால் முடியாது. அவர் குரலைக் காப்பாற்றுவதற்காக இன்று அவரைப் பேச முடியாமல் செய்திருப்பவள் நான். நாளையும் இதைச் செய்ய எனக்கு மனம் வராது. செய்யாமல் இருக்கவும் முடியாது.

ஆகையால் தங்கள் முடிவு எதுவாயினும், நான் இங்கிருந்து கிளம்புவதற்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவேற்பறையில், குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தங்கள் அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஒப்பந்தத் தட்டச்சாளர், எண் 417

இடம்: பதிவுப் பிரிவு வரவேற்பறை
நாள்: 27 நவம்பர்

இணைப்பு: சுற்றறிக்கையின் நகல், மருத்துவமனைச் சான்று, பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பு.